ஞாயிற்றுக்கிழமைக் குரல்

ஆல்டனை மண்ணில் வைத்துவிட்டு வந்த மறுநாள் மதியம், சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. ஒடெஸா கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வீடு நிறைய ஆட்கள். சர்ச் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். யார் யாரோ கொண்டுவந்து வைத்த பன்றித்தொடை வறுவலும் கீரையும் மக்ரோனியும் மேசையில் ஆறிக் கிடந்தன. சர்ச் விட்டு வந்து சாப்பிட்டு முடிக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை. அழைப்பது யார் என்று அவளுக்கு முதல் மணியிலேயே தெரிந்துவிட்டது. எழுந்திருக்கத்தான் கால் வரவில்லை.

எடுத்தது லெமுவேல். ஆல்டனின் தம்பி.

“ஹலோ” என்றான். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லுக்கே, கழுவிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி கையிலிருந்த தட்டைத் தண்ணீருக்குள் நழுவவிட்டாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். ஆள் வேறு, ஆல்டன் நின்றால் வாசற்படி அடைந்துபோகும், லெமுவேல் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி இருப்பான். சர்ச் பாட்டுக்குழுவில் இருவரும் அடிக்குரல் பாடுகிறவர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெற்றவளாலேயே பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

மறுமுனையில் இருந்த பெண் என்ன கேட்டாள் என்பதை லெமுவேல் பிறகு சொன்னான். “ஆல்டன், என்ன குரல் கம்மியிருக்கு? சளியா?” என்று கேட்டிருக்கிறாள். ஒடெஸாவின் காதில் விழுந்தது அவன் சொன்ன பதில் மட்டும்தான்.

“ஆமா பாப்பா,” என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டே. “கொஞ்சம் சளிதான். நீ சாப்ட்டியா?”

ஒடெஸா எழுந்து போய் அவன் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. தலையைச் சோபாவில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். செத்துப்போன புருஷன் அடுத்த அறையில் நின்று யாரோ ஒரு பெண்ணிடம் சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் ஷெல்பி. பத்தொன்பது வயது வெள்ளைக்காரப் பெண்; தெற்கே ஒஹையோ ஆற்றோரத்துச் சின்ன ஊர்க்காரி. ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளையின் தகப்பன் நம் ஆள், கறுப்பன். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு டெக்ஸஸ் பக்கம் போய்விட்டான். ஷெல்பியின் அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவன், கறுப்புப் பிள்ளை இந்த வீட்டுக் கூரைக்குக் கீழே வராது என்று சொல்லி அவளை வெளியே தள்ளிவிட்டான். ஒரு சிநேகிதியின் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு அவள் தத்து ஏஜென்சிக்குப் போன் செய்தாள்.

அங்கே முறை இதுதான். பிள்ளை வேண்டும் என்கிற தம்பதிகள் ஆளுக்கொரு ஆல்பம் செய்து கொடுக்க வேண்டும்: வீடு, தோட்டம், நாய், சிரித்த முகங்கள். பெறப்போகிறவள் அவற்றைப் புரட்டிப் பார்த்துத் தன் பிள்ளைக்குத் தாய் தகப்பனைப் பொறுக்குவாள். ஏஜென்சியில் இருந்த ஆல்பங்களில் புருஷன் பெண்டாட்டி இருவருமே கறுப்பராக இருந்தது ஒன்றே ஒன்றுதான். டேட்டன் நகரத்துப் பஸ் ஓட்டுநர் ஆல்டன், பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் ஒடெஸா. மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தபிறகு அவர்கள் ஏஜென்சிக்கு வந்திருந்தார்கள். ஒரு படத்தில் ஆல்டன் மடியில் தங்கை மகளை இருத்திக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி அவளுக்குச் சடை போட்டுக்கொண்டிருப்பான். ஷெல்பி அந்தப் பக்கத்தைத் தாண்டவேயில்லை என்று ஏஜென்சிக்கார அம்மா லோயிஸ் சொன்னாள்.

பெறுகிறவளுக்கு வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தரக்கூடாது என்பது ஏஜென்சி விதி. எது பேசினாலும் லோயிஸ் மூலமாகத்தான். முதல் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது ஆல்டன் ஒரு காகிதக் கைத்துண்டில் எண்ணை எழுதி அந்தப் பெண்ணின் கையில் திணித்துவிட்டான்.

“என்னங்க இது, விதி கிதின்னு ஒண்ணு இருக்கில்ல?” என்று காரில் ஒடெஸா கேட்டாள்.

“அந்தப் பொண்ணுக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா, சொல்லு? விதியா வந்து பேசும்?”

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஷெல்பி கூப்பிட்டாள். ஒடெஸாவிடம் இரண்டு வார்த்தை; பிறகு ஆல்டனிடம் அரைமணி, முக்கால் மணி. அவன் பஸ்ஸில் நடந்த கூத்துகளைச் சொல்லிச் சிரிக்கவைப்பான். கடைசியில் ஒரு பாட்டுப் பாடச்சொல்லிக் கேட்பாள். அவனும் பாடுவான்.

நவம்பரில் ஒருநாள் பஸ்ஸை டிப்போவில் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு.

அடக்கம் முடிந்த அந்த வாரமே லோயிஸ் வந்தாள். கையில் மலர்க்கொத்து, தோளில் கனத்த பை. ஒடெஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கெட்டவள் இல்லை. அலுத்துப்போனவள்.

“நீங்க தனியா வளர்க்கலாம். சட்டத்துல தடை ஒண்ணும் இல்ல. வீட்டு விசாரணை அறிக்கையை நான் திருத்தி எழுதிக்கறேன்,” என்றாள். “ஆனா ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு தேர்ந்தெடுத்தது உங்களை இல்ல. அவரை.”

“தெரியும்.”

“அவளுக்கு இப்போ ரத்த அழுத்தம் வேற. டாக்டர், எதுவும் அதிர்ச்சியா சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்கார். நேரம் பார்த்து நானே சொல்றேன். அதுவரைக்கும் நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். எப்படியும் நீங்க அவகூட நேரடியா பேசறதில்லையே.”

ஞாயிற்றுக்கிழமைப் போனைப் பற்றிச் சொன்னால், விதியை மீறியது வெளியே வரும். பிள்ளை கைவிட்டுப் போகும். அவளுக்கு இனி இருந்தது அது ஒன்றுதான். அறையில் ஆல்டன் தன் கையால் பலகை பலகையாகப் பூட்டி முடித்த தொட்டில் இருந்தது. படுக்கையில் பாதி காலியாக இருந்தது. அந்தப் பிள்ளையும் இல்லையென்றால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவளே லெமுவேலைக் கூப்பிட்டாள்.

“நாளைக்கு மதியம் சாப்பிட வா.”

“அண்ணி, எதுக்குக் கூப்பிடறீங்கன்னு தெரியுது. என்னால ஆகாது. அன்னிக்கு வாய் தவறிடுச்சு. திரும்பத் திரும்ப எப்படி?”

“பிறக்குற வரைக்கும்தான் லெம்.”

“செத்தவன் வாய்க்குள்ள என் நாக்கை வச்சுப் பேசச் சொல்றீங்க.”

“உங்க அண்ணன் பிள்ளை அது. உங்க அண்ணன்தான் அந்தத் தொட்டிலைப் பூட்டினார். நான் பூட்டல.”

லெமுவேல் டயர் கடையில் வேலை பார்க்கிறவன். இரண்டு முறை கட்டி இரண்டு முறை பிரிந்தவன். ஒரு காலத்தில் குடித்துவிட்டு நடுத்தெருவில் விழுந்து கிடந்தபோதெல்லாம் அண்ணன்தான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து தூக்கிப்போவான். அந்தக் கடனைச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு ஒடெஸா இறங்கவில்லை. இறங்க வேண்டியும் வரவில்லை. அவன் வந்தான்.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்ததும். அண்ணன் நின்ற இடத்திலேயே, தொலைபேசிக் கம்பியைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு பேசுவான். பஸ் கதைகளை அண்ணன் சொல்லிக் கேட்டிருந்தான். தீர்ந்துபோனபோது புதிதாகக் கட்டினான். ஒடெஸா மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவுவாள். முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்த்தால் லெமுவேல்தான் நிற்பான்.

பிள்ளைக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் திங்கள் கிழமையே ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு லெமுவேல் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவன், அவளைப் பார்த்து நின்றுவிட்டான்.

“எங்க கிளம்பிட்டீங்க அண்ணி?”

“எங்கயும் இல்லையே.”

அவன் பார்வை போன இடத்தை அவள் கை தொட்டது. காதில் முத்துத் தோடு. உதட்டில் சாயம். எப்போது போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. குழாயடிக்குப் போய்ப் பாத்திரத் துணியாலேயே உதட்டைத் துடைத்தாள். லெமுவேல் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அன்று ஷெல்பி பாட்டுக் கேட்டாள். அவன் பாடினான். பாடி முடித்ததும் சாப்பிடாமல் போய்விட்டான்.

ஜனவரியில் ஒருநாள், பேசி முடித்து வைத்துவிட்டு அவன் நாற்காலியில் சரிந்தான்.

“இன்னிக்கு அந்தாளைப் பத்தி சொன்னா அண்ணி. அவங்கம்மா புருஷன். அவ சின்னப் பிள்ளையா இருந்தப்போ என்ன பண்ணினான்னு.” கையால் முகத்தை மூடிக்கொண்டான். “இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையாம். உங்ககிட்டதான் சொல்றேங்கறா. யார்கிட்டன்னு நினைச்சுச் சொன்னா? நான் கேட்டிருக்கக்கூடாது. அது எனக்கு வந்த பேச்சில்ல.”

“நீ என்ன சொன்னே?”

“என்ன சொல்றது? அண்ணன் என்ன சொல்லியிருப்பானோ அதைச் சொன்னேன்.” முகத்திலிருந்து கையை எடுத்து, “இன்னொண்ணும் கேட்டா. பிள்ளை பிறந்ததும் அவ தூக்கமாட்டாளாம். தூக்கினா விடமுடியாதாம். முதல்ல நீங்கதான் தூக்கணும், என் கண்ணு முன்னால தூக்கணும், அப்புறம் கொண்டுபோயிடுங்கன்னா. ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்துட்டாளாம், யார் தூக்கணும், யார் கையில பிள்ளையோட பேர்ப் பட்டை கட்டணும்னு. வரேன்னு சத்தியம் பண்ணச் சொன்னா.”

ஒடெஸா கத்தியைக் கீழே வைத்தாள்.

“பண்ணிட்டேன்,” என்றான் லெமுவேல்.

லோயிஸ் அதற்குள் சொல்லிவிடுவாள் என்று ஒடெஸா நம்பினாள். லோயிஸ் சொல்லவில்லை. ஒரு வாரம் அழுத்தம் ஏறியிருந்தது. ஒரு வாரம் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். ஒரு வாரம் லோயிஸுக்கு வேறு ஊரில் வேலை. பிப்ரவரியில் ஒரு காலை போன் வந்தது. வலி எடுத்துவிட்டது.

லெமுவேலின் பழைய காரில் தெற்கே போனார்கள். வழியெல்லாம் பனி. ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. அதன் பக்கத்து நாற்காலியில் அவனை உட்காரவைத்துவிட்டு ஒடெஸா மேலே போனாள். தாழ்வாரத்தில் லோயிஸ் காப்பியோடு நின்றாள்.

“இன்னும் சொல்லல,” என்றாள், ஒடெஸா வாயைத் திறப்பதற்கு முன்பே. “நேத்து ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். முடியல. இங்க சட்டம், பிறந்து மூணு நாள் கழிச்சுத்தான் கையெழுத்து வாங்கலாம். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்.”

“அதுவரைக்கும் அவ கேட்டா?”

“டிப்போவுல லீவு கிடைக்கலன்னு சொல்லுங்க. பஸ்காரங்களுக்கு அதெல்லாம் சகஜம்தானே.”

ஷெல்பி ஒடெஸாவின் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சின்ன முகம்; பள்ளிக்கூட வரிசையில் தட்டை நீட்டுகிற பிள்ளைகளின் முகம்.

“ஆல்டன் எங்க?”

லீவு கிடைக்கவில்லை என்பதுதான் சொல்ல வேண்டிய பொய். ஒடெஸாவின் வாயில் அது வரவில்லை. அந்தக் கண்களைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

“கீழ இருக்கார்,” என்றாள். “ஆஸ்பத்திரின்னா அவருக்குத் தலை சுத்தும். பேசறியா? கீழருந்து பேசச் சொல்றேன்.”

“பேசச் சொல்லுங்க. சீக்கிரம்.”

ஒடெஸா படியில் இறங்கி ஓடினாள். லெமுவேல் அவளைப் பார்த்ததும் எழுந்தான். “வேண்டாம் அண்ணி. இங்க வச்சு வேண்டாம்,” என்றான். அவள் அறை எண்ணைச் சொல்லி, அவன் உள்ளங்கையில் சில்லறையை வைத்து மூடினாள். மறுபடி மேலே ஏறி அறைக்குள் நுழைவதற்குள் கட்டிலருகே தொலைபேசி அடித்துவிட்டது. ஒடெஸா அதை எடுத்து ஷெல்பியின் காதோடு வைத்துப் பிடித்தாள். அவ்வளவு நெருக்கத்தில் அவளுக்கும் கேட்டது.

“பாப்பா, நான்தான். மூச்சை விடு. மேடு ஏறுற மாதிரி நினைச்சுக்கோ. கியரைக் குறைச்சுக்கோ. அவசரமே இல்ல, பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். மெதுவா. ஆனா நிறுத்திடாத.”

ஷெல்பி வலியிலும் சிரித்தாள். “ஏறிட்டேதான் இருக்கேன்.”

“ஏறு, ஏறு. மேல போனா ஊரே தெரியும்.”

மதியம் சாயும்போது பிள்ளை பிறந்தான். ஆண். சிவந்து, வெளுத்து, கோபமாக. நர்ஸ் துடைத்து விளக்குக்கடியில் கிடத்தினாள். ஒடெஸா முதலில் காதைப் பார்த்தாள். நம் வீடுகளில் எல்லாரும் பார்க்கிற இடம். பிள்ளை நாளைக்கு எந்த நிறத்துக்கு வருவான் என்பது காது விளிம்பில்தான் எழுதியிருக்கும். நல்ல பழுப்பு. ஆல்டனின் மகன் என்று யாரும் சந்தேகப்படாமல் சொல்லலாம்.

“இந்தப் பட்டை அப்பாவுக்கு,” என்றாள் நர்ஸ், எழுதிக்கொடுத்திருந்ததைப் பார்த்தபடி. “ஆல்டன் யாரு?”

“கீழ இருக்கார்,” ஷெல்பி முழங்கையை ஊன்றி எழுந்தாள். “கூப்பிடுங்க. வேற யாரும் தூக்காதீங்க. அவர்தான் முதல்ல.”

நர்ஸ் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒடெஸாவைப் பார்த்தாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தான். மூன்று நாள் என்ன, மூன்று நிமிடம்கூட இனி இல்லை.

“ஷெல்பி,” என்றாள் ஒடெஸா. “ஆல்டன் வரமாட்டார்.”

“தலை சுத்துதாமா? ஒரு நிமிஷம்தானே. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க.”

“அவர் இறந்துட்டாரும்மா.”

ஷெல்பி சிரித்தாள். “இப்போதானே பேசினார்?”

“அது அவர் தம்பி. லெமுவேல். குரல் ஒரே மாதிரி இருக்கும்.”

“எப்போ?”

“நவம்பர்ல.”

அந்தப் பெண் மெதுவாகத் தலையணையில் சாய்ந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ கணக்குப் போடுகிறவள்போல உதட்டை அசைத்தாள்.

“கிறிஸ்துமஸுக்குப் பாடினது?”

“லெமுவேல்.”

“அந்தாளைப் பத்திச் சொன்னேனே. அது?”

ஒடெஸாவால் அந்தப் பெயரை மறுபடி சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

“நீங்களும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டீங்களா?”

“நீ பேசினது எனக்குக் கேக்கலம்மா. அவன் பேசினது மட்டும்தான்.”

ஷெல்பி தலையைத் திருப்பி, முதல் தடவையாக அவளைப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். “உங்களுக்கு அது போதும்ல,” என்றாள்.

நர்ஸ் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஷெல்பி கதவைப் பார்த்துச் சொன்னாள்:

“அவரைக் கூப்பிடுங்க. தம்பியை.”

லெமுவேல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. ஷெல்பி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அந்த ஒல்லி உடம்பை, டயர்க் கறுப்பு போகாத நகங்களை.

“பேசுங்க.”

“என்ன பேசறது?”

அவள் கண்ணை மூடினாள். “இன்னும்.”

“மன்னிச்சுடு பாப்பா. நான்…”

“போதும்! போதும், போதும்!” இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, மிகவும் அமைதியாகச் சொன்னாள்: “நீங்க எல்லாரும் அவருக்காக அழுது முடிச்சுட்டீங்க. நவம்பர்லயே முடிச்சுட்டீங்க. நான் இனிமேதான் அழணும். நான் மட்டும் தனியா.”

லெமுவேல் அழுதான். அவள் அழவில்லை.

“லோயிஸ் அம்மா பையில வேற ஆல்பம் வச்சிருப்பாங்க,” என்றாள் ஒடெஸாவிடம். “எப்பவும் வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். கொண்டுவரச் சொல்லுங்க.”

“ஷெல்பி, நான் இவனை நல்லா வளர்ப்பேன். எனக்கு வேற யாரும் இல்லம்மா. என் உயிரைக் கொடுத்து வளர்ப்பேன்.”

“வளர்ப்பீங்க. தெரியும்.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “ஆனா இவன் ஒருநாள் உங்ககிட்ட ஏதாவது கேட்பான். நீங்க சொல்றது நிஜமா இல்லையான்னு இவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலையே.”

தாழ்வாரத்தில் லோயிஸ் சுவரோடு சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

“வீட்டு நம்பரைக் கொடுத்தீங்களா? வாராவாரம் பேசினீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“நீங்களும்தானே மறைச்சீங்க. மூணு நாள் கழிச்சுச் சொல்லலாம்னீங்க.”

“நான் சொல்லாம இருந்தேன். நீங்க செத்தவரைப் பேச வச்சீங்க. ரெண்டும் ஒண்ணா?”

ஒன்றா இல்லையா என்று ஒடெஸாவுக்கு விளங்கவில்லை. லோயிஸும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையின் ஜிப்பை இழுத்து இரண்டு ஆல்பங்களை எடுத்து உள்ளே போனாள். வெகு நேரம் ஆகவில்லை. வெளியே வந்து தொலைபேசியைத் தேடிப் போனாள். கொலம்பஸ் பக்கத்துத் தம்பதி. பனியில்லாவிட்டால் இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள்.

“அதுவரைக்கும் பிள்ளை?” என்று ஒடெஸா கேட்டாள்.

லோயிஸ் தயங்கினாள். “அவ தூக்கமாட்டேங்கறா. இங்க இன்னிக்கு நர்ஸ்களும் குறைவு. கேட்டேன். அதுவரைக்கும் ஒடெஸாவே வச்சிருக்கட்டும்னா.”

அதைக் கருணையாகச் செய்தாளா, தண்டனையாகச் செய்தாளா என்று கேட்க யாரும் இல்லை. பக்கத்துச் சின்ன அறையில், ஆடும் நாற்காலியில் ஒடெஸா உட்கார்ந்தாள். நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பால் புட்டியையும் கொடுத்தாள். எடையே இல்லை. முதலில் குடிக்கத் தெரியாமல் முகத்தைச் சுளித்தான். பிறகு பிடித்துக்கொண்டான், பிடித்தபின் விடவில்லை. குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டினாள். ஏப்பம் வந்தது. துணியை மாற்றினாள். மறுபடி தூங்கினான். மறுபடி பால் கேட்டான். பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் நாள்தோறும் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்ட கை அது. இந்த ஒரு பிள்ளைக்கு இந்தச் சாயங்காலம் மட்டும்.

ஆல்டனும் அவளும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை அவன் காதில் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. லெமுவேல் சன்னல் பக்கம் நின்று பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லோயிஸ் கீழே வரவேற்பறையில் காத்திருந்தாள். ஆனால் அந்தத் தம்பதி பின்வாசல் வழியாக வந்துவிட்டார்கள். கதவு திறந்தது. சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், தோளில் பனித்துகள். பின்னால் அவள் புருஷன், கையில் காரில் வைக்கிற புத்தம் புதுக் குழந்தை இருக்கை; விலைச்சீட்டுக்கூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இருவர் கண்களும் அழுது வீங்கியிருந்தன. சந்தோஷத்தில்.

“இவன்தானா? கடவுளே, இவன்தானா?” என்றாள் அந்தப் பெண். ஒடெஸாவின் கறுத்த முகத்தையும், தோளில் போட்டிருந்த ஆஸ்பத்திரித் துணியையும் பார்த்தாள். “நீங்கதான் நர்ஸா? தூக்கலாமா? போன் வந்தப்போ தலைக்குக் குளிச்சிட்டிருந்தேன், அப்படியே ஓடி வந்துட்டோம். எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. தூக்கலாமா?”

லெமுவேல் சன்னலை விட்டுத் திரும்பினான். அவன் வாயைத் திறப்பதை ஒடெஸா பார்த்தாள். பார்வையாலேயே அவனை நிறுத்தினாள்.

“கையைக் கழுவிட்டு வாங்க,” என்றாள். “குழாய் அங்க இருக்கு. சோப்புப் போட்டு.”

அந்தப் பெண் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். ஒடெஸா எழுந்தாள்.

“கழுத்துக்கு அடியில ஒரு கை. அப்படித்தான். உடம்போட அணைச்சுக்கோங்க. பயப்படாதீங்க, உடைஞ்சிடமாட்டான். இப்போதான் குடிச்சான். இனி தூங்குவான்.”

“பேர் ஏதாவது வச்சிருக்காங்களா?”

“இல்ல. யாரும் வைக்கல.”

“ரொம்ப நன்றிங்க. நாங்க வர்ற வரைக்கும் நல்லா பார்த்துக்கிட்டீங்க,” என்றான் புருஷன்.

“அதுக்குத்தானே இருக்கோம்,” என்றாள் ஒடெஸா.

தோளில் இருந்த துணியை எடுத்து மடித்து நாற்காலிக் கைப்பிடியில் வைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண் பிள்ளையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை; யார் வெளியே போகிறார்கள் என்று கவனிக்கவும் இல்லை.

ஷெல்பியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. ஒடெஸா கதவின் மேல் கையை வைத்தாள். தட்டவில்லை. கையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பின்னால் லெமுவேலின் காலடிச் சத்தம் வந்தது.

“அண்ணி,” என்றான்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

“பேசாத லெம்,” என்றாள். “வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாத.”